ஒரு நாளைக்கு 400 பேர் போதும்

பிரான்ஸ்ல மார்செய் பக்கத்துல கடலோரமா ஒரு சின்ன ஊர் இருக்கு. எழுதும்போது பேரோட கடைசில எஸ் போடுவாங்க, ஆனா ஊர்க்காரங்க யாரும் அதை உச்சரிக்க மாட்டாங்க, 'கஸி'ன்னு தான் சொல்லுவாங்க, காதுல கிட்டத்தட்ட நம்ம காசி மாதிரியே விழும். சின்னதா ஒரு மீன்பிடி துறைமுகம், பின்னாடி திராட்சைத் தோட்டம், ஒரு பக்கம் செம்மண் கலர்ல செங்குத்தா நிக்கிற ஒரு மலை, இன்னொரு பக்கம் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புப் பாறை. அந்த வெள்ளைப் பாறைப் பக்கம் நடக்க ஆரம்பிச்சா மார்செய் வரைக்கும் மலையும் கடலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு கிடக்கும். அதைத் தான் கலாங்க்னு சொல்றாங்க.

நான் பிரான்ஸ்ல வேலைக்கு வந்ததுல இருந்து அங்க நாலு தடவை போயிட்டேன். போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் போன் பண்ணி "என்னப்பா இது, சுஜித்தோன் கலாங்க்ல இறங்கணும்னா ரிசர்வேஷன் பண்ணணுமாம், கடலும் மலையும் என்ன இவங்க அப்பன் வீட்டு சொத்தா"ன்னு ரொம்ப கோவமா பேசினான். அவன் கோவம் எனக்குப் புரியுது, ஒரு காலத்துல நானும் அதே கோவத்துல தான் இருந்தேன். இப்ப இல்ல. ஏன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதணும்னு தோணுச்சு.

முதல் தடவை நான் போனது ஆகஸ்ட் மாசம். லீவு கிடைச்சது அப்ப தான், ரூம் போட்டாச்சு, ட்ரெயின் டிக்கெட் எடுத்தாச்சு, புது ஷூ வாங்கியாச்சு, காலைல ஆறு மணிக்கு எழுந்து பையைத் தூக்கிட்டு, கஸி பக்கத்துல முதல் கலாங்கான போர்-மியூல பாதை ஆரம்பிக்கிற இடத்துக்குப் போனா இன்னிக்கு உள்ள போகக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காத்து பலமா அடிக்குது, காடு காஞ்சு கிடக்குது, தீ அபாயம் சிவப்புன்னு முந்தின நாள் சாயங்காலமே அறிவிச்சிருக்காங்க, நான் தான் பார்க்கல. அங்க நின்ன பொண்ணு பொறுமையா தான் சொல்லுச்சு, எனக்குத் தான் பொறுமை இல்ல. அன்னிக்கு முழுக்க துறைமுகத்துல உக்காந்து அந்த மலையையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தேன்.

சாயங்காலம் காத்து இன்னும் ஏறுச்சு. அதை மிஸ்த்ரால்னு சொல்லுவாங்க, வடக்குல ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா இறங்கி வர்ற காத்து. கட்டி வச்ச படகோட கம்பம் எல்லாம் கடகடன்னு ஒண்ணா அடிச்சுக்குது, டேபிள் மேல வச்ச கிளாஸ் நகருது. அப்ப தான் மண்டைல உறைச்சுது, இந்தக் காத்துல அந்தப் பைன் காட்டுக்குள்ள ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு. ஒரே வழி உள்ள, அதே வழி வெளிய, மூணு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். 2016 செப்டம்பர்ல இந்த கலாங்க் மலைல பிடிச்ச தீல 300 ஹெக்டேருக்கு மேல எரிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி 1990-ல இதை விட பல மடங்கு எரிஞ்சிருக்கு. அதனால தான் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தினமும் நிலவரம் பார்த்து அடுத்த நாள் விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. இதுல யாருக்கும் சலுகை கிடையாது, எவ்ளோ தூரத்துல இருந்து வந்தாலும் சரி.

ரெண்டாவது தடவை ஏப்ரல்ல போனேன், அது தான் நிஜமான முதல் தடவைன்னு சொல்லுவேன்.

போர்-மியூல இருந்து நடை ஆரம்பிக்குது. நீளமா உள்ள வந்திருக்கிற ஒரு கடல் கால்வாய் மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் பாய்மரப் படகு வரிசையா நிக்கும். ஒரு காலத்துல அங்க கல் குவாரி இருந்துச்சு, பாறையை வெட்டின தடம் இன்னும் அப்படியே தெரியும். 1910-லயே மார்செய்ல இருந்தும் சுத்துப்பட்டுல இருந்தும் ஜனங்க அங்க கூடி, குவாரியைப் பெருசாக்கக் கூடாதுன்னு போராடி இருக்காங்க. நேஷனல் பார்க்னு அறிவிச்சது என்னவோ 2012-ல தான். நடுவுல நூறு வருஷம், அந்த மலையைக் காப்பாத்தினது சும்மா ஞாயித்துக்கிழமை நடக்கப் போற ஜனங்க தான். இதை நான் திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்ப்பேன்.

போர்-மியூல இன்னொரு விஷயம் இருக்கு, மேல நடக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது. கடலுக்கு அடியில பாறைக் குகைக்குள்ள இருந்து ஒரு ஆறு வெளிய வருது. மலை மேல ஒரு ஓடை கிடையாது, ஒரு குட்டை கிடையாது, பெய்யிற மழை எல்லாத்தையும் சுண்ணாம்புப் பாறை குடிச்சிடும், அது பூமிக்கு உள்ளயே ஓடி கடல்ல போய் சேருது. அந்தத் தண்ணியைப் பிடிக்கலாம்னு 1970-கள்ல குகைக்குள்ளயே தடுப்பணை கட்டிப் பார்த்தாங்க, அப்பவும் உப்பு கலந்து தான் வந்துச்சு. குகை டைவிங் பண்றவங்க 200 மீட்டருக்கு மேல ஆழம் வரைக்கும் போயிருக்காங்க. நாம தாகத்தோட நடக்கிற பாதைக்கு அடியிலயே ஒரு ஆறு ஓடிட்டு இருக்குங்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு நடக்கிறப்ப அந்தப் பாறையே வேற மாதிரி தெரியுது.

அடுத்தது போர்-பான், குடும்பத்தோட வர்றவங்க அங்கயே தங்கிடுவாங்க, ஆழம் கம்மி, பைன் மர நிழல் இருக்கு, குழந்தைங்களுக்கு நல்ல இடம். அதைத் தாண்டி ஆன்-வோ போற பாதைல தான் கஷ்டம் ஆரம்பிக்குது. போஸ்ட்கார்டுல எல்லாம் வர்ற கலாங்க் அது தான், ரெண்டு பக்கமும் கோபுரம் மாதிரி வெள்ளைப் பாறை, நடுவுல பச்சை நீலமா தண்ணி. ஆனா கீழ இறங்குற வழியைப் பத்தி யாரும் சொல்றது இல்ல. நம்ம ஊர்ல பழைய கோவில் படிக்கட்டு எத்தனையோ வருஷமா கால் பட்டு நடுவுல குழி விழுந்து வழவழன்னு இருக்கும்ல, அங்க பாறை அப்படி ஆகி இருக்கு. மத்த இடத்துல கையை வச்சா தோலை உரிக்கிற அளவுக்கு சொரசொரன்னு இருக்கிற அதே கல்லு, பாதைல மட்டும் மெழுகு தேய்ச்ச மாதிரி மின்னுது. மழை எதுவும் பெய்யல, காஞ்ச பாறை, நல்ல ஷூ, அப்படியும் எனக்கு ரெண்டு தடவை கால் வழுக்குச்சு. எனக்கு முன்னாடி ஒரு பாட்டி கையில குச்சியோட உக்காந்து உக்காந்து நகர்ந்து இறங்கினாங்க, நானும் அதே மாதிரி தான் இறங்கினேன். அந்த மினுமினுப்பு நம்ம கால் பண்ணினது. சுண்ணாம்புப் பாறையையே இப்படித் தேய்ச்சிருக்கோம்னா அதுக்குப் பக்கத்துல இருக்கிற மண்ணோட கதி என்னன்னு யோசிங்க.

அது சுஜித்தோன்ல கண்ணு முன்னாடியே தெரிஞ்சுது. அது மார்செய் பக்கம், லுமினி யுனிவர்சிட்டி கேம்பஸ் வரைக்கும் சிட்டி பஸ்லயே போயிடலாம், அங்க இருந்து ஒரு மணி நேரம் நடந்தா கடல். 8 லட்சம் ஜனத்துக்கு மேல இருக்கிற ஊர் பக்கத்துலயே இப்படி ஒரு இடம்னா கூட்டம் வராம இருக்குமா. கோடைல ஒரே நாள்ல 2,500 பேர் வரைக்கும் வந்திருக்காங்க, இருக்கிறதோ ரெண்டு சின்னக் கடற்கரை, அதுக்கு மேல ஒரு சரிவு. பாறைல உக்கார இடம் இல்லாதவங்க எல்லாம் சரிவுல ஏறி மரத்தடியில உக்காருவாங்க. அந்தச் சரிவுல மண்ணு அரிச்சுப் போய் பைன் மரத்தோட வேர் எல்லாம் வெளிய நிக்குது. நான் ஒரு மரத்துக்கிட்ட உக்காந்து பார்த்தேன், வேருக்கு அடியில என் முழங்கை வரைக்கும் உள்ள போகுது, பிடிச்சுக்க மண்ணே இல்ல, மரம் கல்லு இடுக்கைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கு. இன்னொண்ணு கவனிச்சேன், சுத்தி எங்கயும் சின்னக் கன்னே கிடையாது. எல்லாம் வயசான மரம். விதை விழுது, முளைக்குது, ஒரு விரல் உயரம் வர்றதுக்குள்ள யாரோ ஒருத்தரோட செருப்பு மேல படுது. மழையும் அங்க வருஷத்துக்கு 600 மில்லிமீட்டருக்கு கம்மி தான், அதுலயும் கொட்டினா மொத்தமா கொட்டும், வேர் பிடிக்காத மண்ணு நேரா கடலுக்குப் போயிடும்.

அதனால தான் 2022 கோடைல இருந்து சுஜித்தோனுக்கு ரிசர்வேஷன் கொண்டு வந்தாங்க, ஒரு நாளைக்கு 400 பேர். இங்க தான் என் ஃப்ரெண்ட் மாதிரி நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அதுக்குக் காசு கிடையாது. ஒரு பைசா இல்ல. ஆன்லைன்ல பேர் குடுத்தா போதும், பாதைல க்யூஆர் கோடு காட்டணும். எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. காசு வச்சு கூட்டத்தைக் குறைக்கிறது ஈஸி, தலைக்கு 30 யூரோன்னு போர்டு வச்சா அடுத்த நாளே பாதிப் பேர் வர மாட்டாங்க, ஆனா அந்தப் பாதி யாரா இருக்கும்? மார்செய் வடக்குப் பக்க அபார்ட்மென்ட்ல இருந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டு பஸ்ல வர்ற அம்மா தான் நின்னு போவாங்க. அவங்களுக்கும் காசு இருக்கிறவருக்கும் ஒரே மாதிரி இடம் குடுக்கிற ஏற்பாடு இது. இயற்கை எல்லாருக்கும் பொதுன்னு சொல்றவங்க இதைத் தான் முதல்ல ஆதரிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கு முந்தின வருஷம், 2021-ல, பார்க் நிர்வாகமே இன்னொரு வேலை பண்ணாங்க. வாங்க வாங்கன்னு கூப்பிடுற போட்டோவை எல்லாம் குறைச்சு, இங்க வந்தா கூட்டம் நெரிக்கும், ஏத்தம் கஷ்டம், வெயில் கொளுத்தும், டாய்லெட் கிடையாதுன்னு அவங்க சைட்லயே உண்மையை எழுதினாங்க. ஒரு டூரிஸ்ட் இடம் தன்னைப் பத்தி இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல. மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

என்னைக் கேட்டா ஆன்-வோவுக்கும் இதே ஏற்பாடு கோடைல வரணும். நடந்து வர்றவங்களை மட்டும் எண்ணிப் பிரயோஜனம் இல்ல, தண்ணி வழியா வர்ற கூட்டத்தையும் சேர்த்து எண்ணணும். நான் ஏப்ரல்ல போனப்பவே பத்து மணிக்கு மேல கயாக்கும் படகும் வரிசை கட்டி வந்துச்சு, அது வரைக்கும் அந்தப் பாறைக்கு நடுவுல கூழாங்கல்லு மேல அலை வந்து போற சத்தம் மட்டும் தான் இருந்துச்சு, முதல் மோட்டார் சத்தம் உள்ள வந்ததும் ரெண்டு பக்கப் பாறையும் அதை வாங்கி வாங்கித் திருப்பி அனுப்புது.

இந்தக் கலாங்க் எல்லாம் ஒரு காலத்துல கடலே இல்ல, பள்ளத்தாக்கு. பனி யுகத்துல கடல் மட்டம் இப்ப இருக்கிறதை விட 100 மீட்டருக்கு மேல கீழ இருந்துச்சு, கரை பல கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு, பனி உருகி கடல் ஏறினப்ப பள்ளத்தாக்குக்குள்ள தண்ணி புகுந்தது தான் இது. அதுக்கு சாட்சி இதே கரைல இருக்கிற மோர்ஜியூ முனைக்கு அடியில இருக்கு. ஆன்ரி கோஸ்கேர்னு ஒரு டைவர் 1985-ல 37 மீட்டர் ஆழத்துல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு, அதுக்குள்ள 100 மீட்டருக்கு மேல நீளமான சுரங்கத்துல மேல ஏறினா தண்ணி முழுசா மூடாத ஒரு பெரிய அறை. 1991-ல மூணு டைவர் அந்தச் சுரங்கத்துல வழி தெரியாம செத்துப் போனதுக்கு அப்புறம் தான் அவர் அதை அதிகாரபூர்வமா தெரிவிச்சாரு. சுவர்ல குதிரை, காட்டெருமை, சீல், பென்குவின் மாதிரி ஒரு கடல் பறவை, அப்புறம் கைத்தடம். அதுல பழைய கைத்தடம் எல்லாம் 27,000 வருஷத்துக்கும் முன்னாடி பதிச்சது. உள்ள யாரும் போக முடியாது, மார்செய்ல 2022-ல அதே மாதிரி ஒரு நகல் திறந்திருக்காங்க, அதைப் போய் பார்த்தேன். ஒரு கை என் கையை விட சின்னது. ஒரிஜினல் சுவர்ல கடல் மட்டம் ஏற ஏற ஓவியத்தோட கீழ்ப் பகுதி அழிஞ்சிட்டே வருது. ஆன்-வோவுல கால் நனைச்சுட்டு நிக்கும்போது அந்தக் கை தான் ஞாபகம் வருது, அந்தக் கைக்காரங்க இதே பள்ளத்தாக்குல நடந்து தானே போயிருப்பாங்க.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஜூலை ஆகஸ்ட்டை விட்டுடுங்க, அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் எப்ப வேணா போங்க. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர் கையோட எடுத்துட்டுப் போங்க, வழில ஒரு குழாய் கூட கிடையாது. மார்செய்ல இருந்து கஸிக்கு ட்ரெயின்ல அரை மணி நேரம் கூட ஆகாது, ஸ்டேஷன்ல இருந்து ஊருக்கு மூணு கிலோமீட்டருக்கு மேல, திராட்சைத் தோட்டம் வழியா இறங்கி நடக்கலாம். பாதைல பெயிண்ட் குறி போட்டிருக்கும், அதை விட்டு விலகாதீங்க, குறுக்கு வழின்னு தெரியிறது எல்லாம் மண்ணு அரிச்ச காயம். கால் வலின்னு ஆன்-வோ இறங்க முடியாதவங்க முதல்ல சொன்ன அந்தச் செம்மண் கலர் மலை, காப் கனாய்க்குப் போங்க, 394 மீட்டர் உயரம், பிரான்ஸ்லயே உயரமான கடலோரச் செங்குத்துப் பாறைன்னு சொல்றாங்க, மேல வரைக்கும் ரோடு இருக்கு, காத்து பலமா அடிச்சா மட்டும் மூடிடுவாங்க.

நானும் கடைசி தடவை சாயங்காலம் அங்க தான் உக்காந்திருந்தேன். எதிர்ல மொத்த கலாங்க் வரிசையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா சாம்பல் கலர்ல தெரிஞ்சுது. என் ஃப்ரெண்டுக்கு அங்க இருந்து தான் ஒரு போட்டோ அனுப்பினேன், பிப்ரவரில வர்றியா, அப்ப ரிசர்வேஷன் எதுவும் வேண்டாம்னு கேட்டிருந்தேன். ஷூ எந்த பிராண்ட் நல்லதுன்னு நேத்து பதில் வந்துச்சு.