காசுக்கேற்ற தோசையாம்

போன கிழமை நான் போட்ட நாலு வரிப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானம் ரத்தானதும் பிஸ்னஸ் கிளாஸ்காரரை முதலில் கவனித்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்குப் போகச் சொன்ன கதைதான் அது. அதைத் திரும்ப முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அந்த வீடியோவைப் பகிர்ந்து பகிர்ந்து நீங்களே தேய்த்துவிட்டீர்கள். என்னை உறுத்துவது அதற்குக் கீழே வந்த ஒரு கருத்து.

"காசுக்கேத்த தோசை மச்சான். பிஸ்னஸ் கிளாஸ்காரன் அஞ்சு மடங்கு குடுத்திருக்கிறான், அவனைத்தான் முதல்ல ஏத்துவாங்கள். இதுக்கேன் நீ அழுகிறாய்?"

இதற்கு எழுபத்துச் சொச்சம் லைக். பாதி எங்கள் ஊர்ச் சனம். சரி, தோசையைப் பற்றியே கதைப்போம்.

கிளிநொச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை. நெய்த்தோசை கேட்டவருக்கு நெய்த்தோசை, சாதாத் தோசை கேட்டவருக்குச் சாதா. இதில் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. திடீரென்று மா முடிந்துவிட்டது. இனி அரைத்து, புளிக்க வைத்து, ஓர் இரவு போக வேண்டும். (அடுத்த விமானத்துக்கும் ஓர் இரவு போக வேண்டும் என்பதால் உவமானம் பொருந்தத்தான் செய்கிறது.) விடிந்ததும் முதலாளி வெளியே வந்து, "நெய்த்தோசை ஆக்கள் எல்லாரும் முதல்ல வாங்கோ, மிச்சம் மா இருந்தால் மற்றவைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்குப் பார்ப்பம்" என்றால் அந்தக் கடைக்குப் பிறகு யார் போவான்? நெய்க்குக் கொடுத்த காசு நெய்க்குத்தானே?

நான் சொல்வது இவ்வளவும்தான். பிஸ்னஸ் கிளாஸ்காரர் அகலமான கதிரைக்குக் காசு கொடுத்தார். படுத்துக்கொண்டு போகட்டும். லவுஞ்சில் இருந்து வேண்டியதைச் சாப்பிடட்டும். பெட்டி முதலாவதாக வரட்டும். பறக்கிற விமானத்தில் அவர் வாங்கியது எல்லாம் அவருக்கு. விமானமே பறக்கவில்லை என்றால் அவரும் தரையில்தான் நிற்கிறார், நாங்களும் தரையில்தான் நிற்கிறோம். அந்த இடத்தில் என் முறையைத் தூக்கி அவருக்குக் கொடுக்க அந்த டிக்கெற்றில் எங்கே எழுதியிருக்கிறது?

இப்போது என் சொந்தக் கதை. வேண்டாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தங்கச்சியின் மனுசன் தமாமில் ஏழு வருடமாக வெல்டிங் வேலை. லீவில் வந்திருந்தான். சவூதிக்குப் போனவர்களுக்குத் தெரியும், ரீஎன்ட்ரி விசாவில் ஒரு திகதி இருக்கும், அதற்குள் திரும்பிப் போய் இறங்கிவிட வேண்டும். அவனுக்கு மூன்று நாள் மிச்சம் இருந்தது. "ஏன் கடைசி நேரத்தில டிக்கெற் போட்டனீங்கள்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: மூத்தவளின் சாமத்திய வீட்டை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்பட்டான். பெரிய குற்றம்தான், மன்னியுங்கள்.

இரவு எட்டு மணிக்குத் தர்மபுரத்தில் இருந்து வெளிக்கிட்டோம். வன்னியில் ஒருவரை விமானம் ஏற்றுவதென்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி வான் நிறையத்தான் போக வேண்டும். முழங்கால் நோ என்பதால் மாமி முன்சீற்றில். பின்னால் நான், மச்சான், தங்கச்சி, பிள்ளைகள் மூன்று, பெட்டி இரண்டு, மிளகாய்த்தூள் பார்சல் ஒன்று. வானுக்கு மட்டும் நாற்பதாயிரம். மதவாச்சி தாண்டும்போது பிள்ளைகள் நித்திரை. புத்தளத்தில் ஒரு பிளேன்டீ. மூன்று மணிக்குக் கட்டுநாயக்க. ஆறரைக்கு விமானம்.

நாலு மணிக்கு மச்சான் உள்ளேயிருந்து போன் எடுத்தான். "கான்சலாம்."

உள்ளே நடந்தது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை பட்டியலோடு வந்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பிஸ்னஸ் கிளாஸும் கோல்ட் கார்ட் (அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கொம்பனி கொடுக்கிற கார்ட்) வைத்திருப்பவர்களும் இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட்டதாம். தமிழில் கூப்பிடவில்லை. தேவைப்படாது என்று நினைத்திருக்கும். நினைத்தது பிழையும் இல்லை. அப்படிப் போன பன்னிரண்டு பேருக்கும் நீர்கொழும்பில் ஹோட்டல், விடிய வேறு விமானத்தில் இடம். மற்றவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு கிம்புலா பணிஸும், "எஸ்எம்எஸ் வரும், வீட்டை போங்கோ" என்ற வார்த்தையும். வீடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முந்நூறு கிலோமீற்றர்.

கூப்பிட்ட ஆட்களில் ஒரு வயதான சிங்கள ஐயா, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, "என்ட இடத்தில இவவை அனுப்பேலாதா?" என்று கேட்டாராம். "சிஸ்டம் விடாது சேர்." ஆகவே பிஸ்னஸ் கிளாஸில் போகிறவர்கள் எல்லாரும் இரக்கமில்லாதவர்கள் என்று நான் எழுதினேன் என்று தயவுசெய்து கதை கட்டாதீர்கள். என் கோபம் அந்த ஐயாவோடு இல்லை.

சிஸ்டத்தோடு. சிஸ்டம் வானத்தில் இருந்து விழுந்ததா? யாரோ ஒரு குளிர் அறையில் இருந்து எழுதினது. நான் கொம்யூனிக்கேசன் கடை வைத்து ஐந்து வருடமாக டிக்கெற் பார்த்துக் கொடுக்கிறவன், எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு டிக்கெற்றுக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. பிஸ்னஸுக்கு ஜே, சி மாதிரி. முழு விலை எக்கொனமிக்கு வை. அதற்குக் கீழே மலிவு மலிவாக ஒரு நெடுங்கணக்கே இருக்கிறது. விமானம் ரத்தானால் மென்பொருள் அந்த எழுத்தையும், கையில் உள்ள கார்டையும், அடுத்த தொடர் விமானத்தையும் பார்த்து ஆட்களை வரிசைப்படுத்துகிறது. விசா முடிகிற திகதி அந்தக் கணக்கில் இல்லை. இழவு வீடு இல்லை. கைக்குழந்தைக்கு எத்தனை பால்மாப் பக்கற் மிச்சம் என்பதும் இல்லை.

2017 ஏப்ரலில் சிக்காகோவில் ஒரு பயணியை இருக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போன வீடியோ ஞாபகம் இருக்கும். அந்த விமானக் கொம்பனி ஏறி இருந்தவர்களைத்தான் இறக்கியது. யாரை இறக்குவது என்பதற்கு டிக்கெற் விலையையும் அடிக்கடி பறக்கிறவரா என்பதையும் பார்க்கலாம் என்று அந்தக் கொம்பனியின் நிபந்தனைகளிலேயே இருந்தது. உலகமே கொதித்தது. எங்கள் ஆட்களை யாரும் இழுக்கவில்லை, மரியாதையாகப் பணிஸ் கொடுத்தார்கள். ஆகவே கொதிக்க ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் கேள்விகள்.

"பிஸ்னஸ் சீற் வேறு, எக்கொனமி சீற் வேறு. அவன் உன்ர சீற்றை எடுக்கேல்லையே?" கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் விமானத்தில் பிஸ்னஸ் நிறைந்துவிட்டால் அவரை எக்கொனமியில் இருத்தி, டிக்கெற் காசில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஐரோப்பிய சட்டத்தில் இதற்குத் தூரத்தைப் பார்த்து 30, 50, 75 வீதம் என்று கணக்கே இருக்கிறது. அப்படி அவர் வந்து இருக்கிற கதிரை யாருடையது? மச்சானுடையது.

"பிஸ்னஸ்காரன் இல்லாட்டி விமானக் கொம்பனி படுத்துவிடும்." படுக்கும்தான். ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது.

"மழைக்கும் சண்டைக்கும் கொம்பனி என்ன செய்யும்?" 2024 ஏப்ரலில் டுபாயில் மழை வெள்ளம், 2025 ஜூனில் கட்டார் வான்பரப்பையே மூடினார்கள். அதற்கு யாரையும் திட்ட முடியாது. ரத்தானதற்கு நான் திட்டவும் இல்லை. ரத்தான பிறகு யார் முதலில் என்பதைத்தான் கேட்கிறேன். இதை எத்தனை தரம் எழுதுவது?

"சட்டம் அப்படித்தான்." எந்தச் சட்டம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க ஒழுங்குவிதியைப் பாருங்கள். சாப்பாடும் படுக்கையும் எல்லா வகுப்புக்கும் ஒன்று. எரிமலை வெடித்தாலும் ஒன்று. 3,500 கிலோமீற்றருக்கு மேல் போகிறவருக்கு, கொம்பனியின் பிழையென்றால், 600 யூரோ. பிஸ்னஸுக்கும் 600, எக்கொனமிக்கும் 600. யாரை முதலில் ஏற்ற வேண்டும் என்றும் ஒரு வாசகம் இருக்கிறது: நடமாடக் கஷ்டப்படுகிறவர்களையும் அவர்களோடு வருகிறவர்களையும், துணையில்லாமல் வரும் பிள்ளைகளையும். கோல்ட் கார்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாரிஸில் இருக்கிற என் சித்தப்பாவின் மகன் வளைகுடா விமானம் ஒன்றில் ஊருக்கு வரும்போது பிந்தி, அந்த 600 யூரோவை வாங்கினான். அதே கொம்பனி திரும்பிப் போகும்போது கட்டுநாயக்கவில் பிந்தினால் அந்தச் சட்டத்தில் சல்லிக்காசும் இல்லை. பாரிஸில் ஏறினால் மனுசன், கட்டுநாயக்கவில் ஏறினால் நெடுங்கணக்கின் கடைசி எழுத்து.

"இன்சூரன்ஸ் எடுத்திருக்கலாமே?" உங்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. தமாமில் ஒரு வெல்டர் எவ்வளவு எடுக்கிறான் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் நானும் குற்றவாளிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்கு டிக்கெற் போடும்போது தொடர்பு இலக்கம் என்ற இடத்தில் கடை நம்பரைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு இமெயில் இல்லை, நம்பரும் மாறிக்கொண்டே இருக்கும், எனக்கும் சுகம். விமானம் ரத்து என்ற எஸ்எம்எஸ் இரவு 10.20க்கு வந்திருக்கிறது. எங்கே? தர்மபுரத்தில், பூட்டின கடையில், மேசை லாச்சிக்குள் சார்ஜில் கிடந்த போனுக்கு. நாங்கள் அப்போது வவுனியாவைத் தாண்டியிருக்க மாட்டோம், வானைத் திருப்பியிருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு கீழே சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் எஸ்எம்எஸ் மட்டும் போகவில்லை, ஆளே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் ஹோட்டல் வானில் ஏறத்தான் வந்தார்கள்.

மச்சானுக்கு நாலாம் நாள்தான் இடம் கிடைத்தது. அதற்குள் கபீலுக்கு (அவனது விசாவுக்குப் பொறுப்பான சவூதி முதலாளிக்கு) வொய்ஸ் மேல் வொய்ஸ் போட்டுக் கெஞ்சி, கடைசி நாளில் ரீஎன்ட்ரியை நீட்ட வைத்தோம். ஒரு மாதச் சம்பளம் வெட்டு. 2024இல் இப்படிப் போனவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பிய காசு 650 கோடி டொலருக்கு மேல். மேடையில் ஏறினால் "ரட்ட விருவோ", நாட்டின் வீரர்கள். கவுண்டருக்கு முன்னால் பணிஸ். சின்னவள் அந்தப் பணிஸின் மேலிருந்த சீனியை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தைத் தகப்பனிடம் நீட்டினாள். அவன் சாப்பிட்டான்.

வரிசையைப் பற்றி வன்னிச் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்றிருக்கிறோம். 2022இல் பெற்றோலுக்கு நின்றிருக்கிறோம். 2009இல் மனிக்பாம் முகாமில் தண்ணீர்ப் பவுசருக்கு நின்றிருக்கிறோம். "எல்லாத்துக்கும் முகாமை இழுக்காதே" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். இழுப்பேன். எனக்கு வரிசை என்றால் அந்தக் கான்கள்தான் ஞாபகம் வரும். ஆட்கள் வெயிலில் நிற்க முடியாதென்று கான்களைத்தான் வரிசையில் வைப்போம். சண்டை நடக்கவில்லை என்று புளுக மாட்டேன். கானைத் தூக்கி எறிந்த நாட்களும் உண்டு. ஆனால் எங்கள் பகுதியில் ஒரு மஞ்சள் கான் இருந்தது, மூடியில்லாதது, பொலித்தீன் சுற்றிக் கட்டினது. ஒரு கிழவியின் கான். காலில் காயம், நடக்க மாட்டா. அந்தக் கானைப் பேரன் எங்கே கொண்டுவந்து வைத்தாலும், பவுசர் வந்து நிற்கிற நேரம் அது முன்னால்தான் இருக்கும். யார் தள்ளி வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அங்கே எங்களிடமும் கொஞ்சம் காசு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், தாலிக்கொடியை ஒளித்து வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் கான் பின்னால்தான் நின்றது.

அந்தக் கிழவியின் பேரன்தான் எனக்குத் தோசைக் கணக்குச் சொன்னவன்.

இதை எழுதுவதா விடுவதா என்று ரெண்டு நாள் யோசித்தேன். பெயர் போடவில்லை, அவனுக்குத் தெரியும். இப்போது வெளிநாட்டில் நல்ல நிலைமையில் இருக்கிறான், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருடம் தவறாமல் பிஸ்னஸில் வருகிறான், அதில் எனக்குச் சந்தோசம்தான். உண்மையாகச் சந்தோசம். யாரோ தெரியாத பெடியன் அந்தக் கருத்தை எழுதியிருந்தால் ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

முந்தநாள் இன்பொக்ஸில் வந்தான். "டேய், பகிடிக்கு எழுதினது. பதிவை எடுத்துவிடு, சனம் என்னைப் பேசுது." எடுக்க மாட்டேன் மச்சான். உன் கருத்தையும் நான் அழிக்கவில்லை, அது அங்கேயே கிடக்கட்டும். வைகாசியில் வரும்போது வழமைபோல நானே வானோடு வந்து நிற்பேன், விமானம் பிந்தினாலும் நிற்பேன். உன் பெட்டிகளுக்கு இடம் இருக்கும். முன்சீற்றில் மட்டும் மாமி இருப்பா. இப்போது மற்ற முழங்காலும் நோவாம்.