இது ஒட்டடைக் கம்பு இல்லை, முதலாளி!

ஆயிரக்கணக்கில் சிங்கப்பூர் வெள்ளியைக் கொட்டி ஜன்னல் கழுவுகிற கார்பன் ஃபைபர் கம்பு வாங்க நம் முதலாளிகளுக்கு மனசு வருகிறது, அதைப் பிடிக்கப்போகிற பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்றால் மட்டும் நெஞ்சை அடைக்கிறது. சிங்கப்பூரில் ஜன்னல் கழுவுகிற தொழிலில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதே புலம்பல்தான் வரும். எனக்கு இன்றைக்கு வயிறு எரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒன்றுக்குள் ஒன்று சொருகிய நீளக் கம்பு, கூடவே மெல்லிய குழாய், நுனியில் பிரஷ், பிரஷ்ஷில் இருக்கிற துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். தரையில் நின்றபடியே மூன்று நான்கு மாடிக் கண்ணாடியைக் கழுவிவிடலாம். ஏணி வேண்டாம், சோப்பு வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். துடைக்காமல் எப்படி என்றால், அதில் வருவது சாதாரணக் குழாய்த் தண்ணீர் இல்லை, கரைந்திருக்கிற சுண்ணாம்பு, மக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் எடுத்துவிட்ட தண்ணீர். காய்ந்தால் பின்னால் எதையும் விட்டுவிட்டுப் போகாது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். சூட்சுமம் இவ்வளவுதான், கேட்க ரொம்ப எளிது, அதனாலேயே பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதோ ஒட்டடைக் கம்பு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் பயிற்சி எப்படி நடக்கும் தெரியுமா? லாரியிலிருந்து இறங்கியதும் சூப்பர்வைசர் கம்பைக் கையில் கொடுப்பார். "மேல தூக்கு, தேய், அலசு, இறக்கு, அடுத்த ஜன்னலுக்குப் போ." அவ்வளவுதான், போனைக் காதில் வைத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவார். பையன் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து விடிவதற்கு முன்பே பைக்கில் பாலம் தாண்டி வந்தவன், பாதித் தூக்கத்தில் இருக்கிறான், மேலே பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நான் என் ஜன்னலை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும், அப்புறம் என் வேலை ஏன் முடியவில்லை என்று எனக்கும் திட்டு.

அப்படி என்னத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று முதலாளி கேட்கிறார். சரி, சொல்கிறேன். கம்பை நிமிர்த்துவதிலிருந்தே ஆரம்பிக்கவேண்டும் ஐயா. தரையில் படுக்கவைத்து முழு நீளமும் இழுத்துவிட்டு அப்படியே தூக்கினால் முதுகு போகும், கம்பு வளைந்து ஆடிப் பக்கத்துக் காரின் மேல் விழும், அந்தக் கார் யாருடையது என்று பார்த்தால் நிச்சயம் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும். சுருக்கிய நிலையிலேயே நிமிர்த்தி, பிரஷ்ஷைச் சுவரில் சாய்த்து, பிறகு ஒவ்வொரு துண்டாக மேலே ஏற்றி கிளாம்ப்பை இறுக்கவேண்டும். கிளாம்ப் தளர்ந்திருந்தால் மேல் துண்டு சரசரவென்று இறங்கி விரலை நசுக்கும். தாழ்வான ஜன்னலுக்குத் தேவைப்படாத அடித்தண்டைக் கழற்றி வைத்துவிட்டால் கனம் நன்றாகக் குறையும், இதைக்கூட யாரும் சொல்லாததால் பையன்கள் நாள் முழுக்க முழுக் கம்பையும் சுமந்துகொண்டு அலைகிறார்கள்.

அப்புறம் நிற்கிற இடம். சுவரை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தால் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி நின்று, தோளை மட்டும் போட்டு இழுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்து உடம்பையும் சேர்த்துத் தேய்க்கவேண்டும். மேல் சட்டம் முதலில், கண்ணாடி அடுத்து, கடைசியில் அலசல். இந்த அலசலில்தான் எல்லாமே இருக்கிறது. சில கண்ணாடியில் தண்ணீர் படலமாக இறங்கும், அதில் பிரஷ்ஷைச் சற்று விலக்கி மேலிருந்து அலசிவிடலாம். சிலதில் முத்து முத்தாக உருண்டு நிற்கும், அங்கே பிரஷ்ஷைக் கண்ணாடியிலேயே வைத்து மெதுவாகக் கீழே இறக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முத்தும் அழுக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே காயும். இதை வாயால் சொன்னால் போதாது. பையன் கையில் கம்பைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, அவன் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குத்தான் நேரம் கேட்கிறேன்.

நம் ஊர் வெயில் வேறு. மேற்குப் பக்கக் கண்ணாடியை மதியம் மூன்று மணிக்குக் கழுவச் சொல்கிற அறிவாளிகளை என்ன செய்வது? சூடான கண்ணாடியில் அழுக்கு ஊறுவதற்கு முன்பே தண்ணீர் காய்ந்துவிடும். காலையில் மேற்கு, மதியத்துக்கு மேல் கிழக்கு என்று நிழலைப் பார்த்து வேலையைப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அட்டவணை போடுகிறவர் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு மேற்கு எது கிழக்கு எது என்று யார் சொல்வது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன், என் முழுக் கோபமும் இங்கேதான். லாரியில் மூன்று கட்டமாகச் சுத்திகரிப்பு இருக்கிறது. முதலில் கார்பன் ஃபில்டர், அடுத்து கரைந்த உப்பில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகிற ஆர்.ஓ. சவ்வு, கடைசியில் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்கிற ரெசின் மணிகள் நிரப்பிய உருளை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி வராமல் இருக்க குளோரமின் கலந்திருக்கும், குடிக்க அது நல்லதுதான், ஆனால் கார்பன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அது உள்ளே போய் சவ்வை மெல்ல மெல்லக் கெடுக்கும். சவ்வு கெட்டால் எல்லாப் பாரமும் ரெசின் தலையில். ரெசின் தீர்ந்துபோனால் தண்ணீரில் மீன் வாடை வர ஆரம்பிக்கும், தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். வாடை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கிற கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருக்கிறது, விலை ஒன்றும் பெரிதில்லை, தண்ணீரில் முக்கினால் எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று காட்டிவிடும். பூஜ்யம் இருந்தால் சந்தோஷம், 10ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ரெசினை மாற்று. இதுதான் தொழில் வழக்கம். எங்கள் ஆளோ "இன்னும் ஒரு வாரம் ஓட்டு" என்கிறார்! மீட்டர் 30 காட்டுகிறது, வெயில் கொளுத்துகிறது, வீட்டுக் கண்ணாடி முழுக்கப் புள்ளி. வாடிக்கையாளர் போன் போட்டுக் கத்துகிறார். திட்டு யாருக்கு? கம்பு பிடித்த பையனுக்கு. "ஒழுங்கா அலசலை" என்கிறார்கள். அவன் விடிய விடிய அலசினாலும் அந்தத் தண்ணீரில் புள்ளி வரத்தான் செய்யும்!

இந்த நாடு 2003லிருந்து கழிவுநீரையே ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி நியூவாட்டர் என்கிற சுத்தத் தண்ணீர் ஆக்கிக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சவ்வு என்றால் என்ன என்று தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு உருளை ரெசின் மாற்றுவது புரியாத வித்தையாக இருக்கிறது.

வாடிக்கையாளர்களையும் சும்மா விடுவதாக இல்லை. சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு தரைவீடு, நம் தமிழ் ஆன்ட்டிதான், காபி எல்லாம் கொடுத்தார், நல்ல மனுஷி. அலசி முடித்துக் கம்பை இறக்கியதும் "என்ன தம்பி, சொட்டச் சொட்ட விட்டுட்டுப் போறீங்க, ஒரு துணி போட்டுத் துடைக்கக் கூடாதா?" என்றார். துடைத்தால்தான் ஆன்ட்டி கெட்டுப்போகும், அப்படியே காயவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். நாங்கள் லாரியில் ஏறுவதற்குள் உள்ளேயிருந்து பழைய துண்டை எடுத்து வந்து கைக்கு எட்டிய வரை துடைத்துவிட்டு, மறுநாள் கீழ்ப் பக்கமெல்லாம் கோடு கோடாக இருக்கிறது என்று புகார். மேல் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பளிச்சென்று இருக்கிறது என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

பழைய அலுமினியச் சட்டம் இருக்கிற வீடுகள் தனி ரகம். வெயில் பட்டுப் பட்டுப் பெயின்ட் வெளுத்து மாவாகியிருக்கும், தண்ணீர் பட்டவுடன் வெள்ளை வெள்ளையாக வழியும். முதல் தடவை கழுவும்போது இரண்டு முறை செய்யவேண்டும், அதையும் முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடவேண்டும். விலை பேசப் போகிறவர் ஜன்னலை எண்ணுகிறாரே தவிர, சட்டத்தை ஒரு விரலால் தடவிப் பார்ப்பதில்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் சிரிப்புதான் வரும். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருக்கிற உயரத்தில் வேலை என்றால் இங்கே பெர்மிட், பெல்ட் எல்லாம் வேண்டும், கம்பு வந்ததால் அந்த ஆபத்து இல்லை, உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. 2012ல் வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்கள் சிலர் மாடியிலிருந்து விழுந்து இறந்த பிறகு, கிரில் பூட்டியிருந்து வயதுவந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் ஜன்னலின் வெளிப்பக்கத்தை அவர்கள் துடைக்கலாம் என்று மனிதவள அமைச்சு விதி போட்டது. கம்பு வேலை அந்த மாதிரி ஆபத்துக்கெல்லாம் நல்ல மாற்று. ஆனால் ஏணி போனதோடு பாதுகாப்புப் பேச்சே போய்விட்டதே! கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். மதியத்துக்கு மேல் இடி இடிக்கிற ஊரில் நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிற பையனிடம் "மழை இன்னும் வரலையே" என்று சொல்கிறவரை என்னவென்று சொல்வது. கடைவீடுகளின் முன்னால் ஆட்கள் நடக்கிற ஐந்தடிப் பாதையில் தண்ணீர் ஓடும், குழாய் குறுக்கே கிடக்கும், வயதானவர்கள் நடப்பார்கள், ஒரு கூம்பு வைக்கவும் ஒரு ஆள் நிற்கவும் வேண்டும். அந்த ஒரு ஆளைத்தான் செலவு என்று வெட்டுகிறார்கள்.

நாளைக் காலையில் புதிதாக இரண்டு பையன்கள் வருகிறார்கள். மீட்டர் என் பையில் இருக்கிறது. தண்ணீர் 10ஐத் தாண்டினால் நான் கம்பைத் தொடமாட்டேன், அவர்களையும் தொடவிடமாட்டேன் என்று முதலாளிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாகிவிட்டது. இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. கத்துவார், கத்தட்டும்.