புறாவைப் பற்றியும் பேசலாம் சார்

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவனுக்குப் புறா என்றால் உயிர். கர்ணம் அடிப்பது எது, தொலைவில் விட்டாலும் கூடு திரும்பும் ஹோமர் எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவான். புறா 2 முட்டை இடும், 18 நாள் வாக்கில் குஞ்சு பொரிக்கும் என்பது எனக்குத் தெரியும். பகலில் சில மணி நேரம் ஆண் புறா அடைகாக்கும், மாலையில் பெட்டை வந்து அமர்ந்தால் விடிந்த பிறகுதான் எழும் என்று எனக்குச் சொன்னவன் அவன்தான். முதல் சில நாட்கள் தாய், தகப்பன் இரண்டுமே தொண்டைப் பையில் சுரக்கும் பாலைத்தான் குஞ்சுக்கு ஊட்டும் என்று நான் சொன்னபோது துள்ளிவிட்டான். “அதனால்தான் சார், பிறந்த குஞ்சின் தொண்டையில் தானியமே தெரிவதில்லை!” தான் கண்ணால் கண்டதற்குக் காரணம் கிடைத்த மகிழ்ச்சி அது.

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னால், “நல்ல உத்தி, அப்படியே பறவைகள் பாடத்துக்குள் கொண்டுபோய்விடலாம்” என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளையின் பிரியத்தைப் பாடத்துக்கான தூண்டிலாக்கினால் அது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். புறாவைப் பற்றிக் கேட்டால், புறாவைப் பற்றி அறிவதற்காகவே கேட்க வேண்டும். பாடம் தானாக வந்தால் வரட்டும்.

சில நேரம் நாமே மாணவராக வேண்டியிருக்கும். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனபோது, என் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் கட்டம் போட்டு அந்தக் கடைசி ஆட்டத்தை எனக்கு விளக்கினாள். எனக்குக் காய்கள் நகரும் விதம் மட்டுமே தெரியும். எதிர்த்து ஆடிய டிங் லிரென் யானையை நகர்த்திய இடம் ஏன் பிழை, அதன் பிறகு யானையும் மந்திரியும் வெட்டுப்பட்டுச் சிப்பாய்களின் ஆட்டமாக ஏன் மாறியது என்று பொறுமையாகச் சொன்னாள். நான் புரியாமல் மறுபடி கேட்டேன். அலுக்காமல் மறுபடி சொன்னாள். கணக்குப் பாடத்தில் எழுந்து பேசவே தயங்குகிற பெண் அவள்.

நமக்குப் பிடித்ததையும் அவர்கள் அறிய வேண்டும். எனக்குச் செம்பருத்தி வளர்ப்பதில் பிரியம் என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அடுத்த வாரமே ஈரத்துணி சுற்றிய அடுக்குச் செம்பருத்திக் குச்சிகள் மேசைக்கு வந்துவிட்டன. “அம்மா சாய்வாக வெட்டி நடச் சொன்னார்கள் சார்” என்ற குறிப்போடு!

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தப் பேச்செல்லாம் வகுப்பில், எல்லோர் காதிலும் விழும்படி நடக்க வேண்டும். ஒரு பிள்ளையிடம் தனியே குழைந்து, மற்றவர்களைத் தள்ளி நிறுத்தினால் அது பாசம் ஆகாது. “எனக்கு எதுவும் பிடிக்காது” என்று சொல்லும் பிள்ளைகளை இன்னும் மெதுவாக அணுக வேண்டும். பள்ளி விட்டதும் தம்பியைக் கூட்டிப்போய்ச் சோறு வடிக்கும் சிறுமிக்குப் பொழுதுபோக்கு எங்கிருந்து வரும்? அவளிடம் நான் தம்பியைப் பற்றிக் கேட்கிறேன். அவன் செய்யும் சேட்டைகளைச் சொல்லத் தொடங்கினால் அவளுக்கும் நேரம் போவது தெரியாது.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு, அதற்குள் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கிறார்கள். வருகைப்பதிவு எடுக்கும் நேரம் போதும். பெயரைக் கூப்பிட்டு, “குஞ்சு பொரித்துவிட்டதா?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? உண்மையில் நேரத்தை விழுங்குவது படிவங்களும் பதிவேற்றங்களும்தான். அந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி நாம் சேர்ந்து கேட்போம். பிள்ளைகளோடு பேசும் நேரத்தில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.