மெஷின் சொல்லிவிட்டதாம்!

அந்த ரேஷன் கடை அக்கா விஷயத்தை நானும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆய்வுக்கு வந்தார்களாம், பில் போட்டு இருப்புக் கணக்கு வைக்கும் பிஓஎஸ் மெஷின் காட்டிய இருப்பும் கடையில் கிடந்த அரிசியும் ஒத்துப்போகவில்லையாம். உடனே அபராதம், சஸ்பெண்ட். அதற்கு நம் ஊர்க் குழுவில் கைதட்டல் வேறு. சிரிக்கும் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் மாதாமாதம் "அக்கா, பாமாயில் வந்துடுச்சா" என்று அவருக்கே போன் போடுகிறவர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். மெஷின் சொன்ன கணக்கு சரியா என்று யாராவது பார்த்தார்களா?

குடோனிலிருந்து மூட்டை வருகிறது. தாளில் 50 கிலோ. மெஷினிலும் 50 கிலோ. சாக்குக்குள் எவ்வளவு என்பது சாக்குக்குத்தான் தெரியும். எடை போட்டுக் கொடுங்கள் என்று விற்பனையாளர்கள் எத்தனை காலமாகக் கேட்கிறார்கள்! இப்போது தராசை புளூடூத்தில் மெஷினோடு கோத்து, நமக்குப் போடும் அரிசியைக் கிராம் சுத்தமாகப் பார்க்கிறார்கள். நல்லது. வெளியே போவதற்கு இவ்வளவு கறார். உள்ளே வருவதற்குத் தாளில் எழுதியதே வேதவாக்கு. இடையில் குறைவது யார் தலையில் விழும்? சம்பளம் குறைந்தவர் தலையில்தான்.

"ரேஷன் கடைக்காரங்க எல்லாம் யோக்கியமா?" என்று வருவீர்கள், தெரியும். இல்லை. அரிசி கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பிடித்து உள்ளே போடுங்கள். ஆனால் திருடியதை நிரூபித்துவிட்டுப் போடுங்கள். மெஷினில் ஒரு எண் குறைவது நிரூபணம் ஆகாது.

இங்கிலாந்துக் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே தபால் துறை 1999-இல் ஹொரைசன் என்று ஒரு கணினிக் கணக்கு சிஸ்டம் கொண்டுவந்தது. புஜித்சு என்ற ஜப்பான் கம்பெனி செய்து கொடுத்தது. கிளைத் தபால் நிலையம் நடத்துபவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்தது. உதவி மையத்துக்குப் போன் செய்தால், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே என்று பதில். ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார்கள். 2015 வரை 900-க்கும் மேற்பட்டோருக்குத் திருட்டு, பொய்க்கணக்குப் பட்டம் கட்டப்பட்டுத் தண்டனை கிடைத்தது. சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். சிலர் உயிரையே விட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் ஒரு கிளையில் நடந்ததை மட்டும் கேளுங்கள். 8,000 பவுண்டுக்கு வரவு வைக்கும்போது திரை உறைந்து நின்றது. மறுபடி மறுபடி என்டர் தட்டினார்கள். நான்கு முறை பதிவாகி 32,000 ஆகிவிட்டது. இல்லாத பணத்தில் 24,000 பவுண்டு பற்றாக்குறை!

கிளைத் தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் விடாமல் ஆள் சேர்த்தார். 555 பேர் வழக்குப் போட்டு, அந்த சிஸ்டத்தில் கோளாறு உண்டு என்று 2019-இல் தீர்ப்பு வாங்கினார்கள். தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டமே போட 2024 ஆனது. இவ்வளவு படித்த, பணக்கார நாட்டில் கால் நூற்றாண்டு. நம் அக்காவுக்கு எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"எல்லாத்தையும் விட்டுட்டு நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பலாமா?" என்று ஒரு நண்பர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். ஐயா, நான் சாப்பிடுவதே சாப்ட்வேர் சோறு. மெஷின் வந்த பிறகு போலி கார்டுகள் ஒழிந்தன என்கிறீர்கள், சரி, வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசுவது அதைப் பற்றியே இல்லை.

முன்பு நான் டெஸ்டிங் பார்த்த ஒரு கம்பெனியில் கிடங்குக் கணக்குக்கு சாப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். நெட் போய்த் திரும்பினால் ஒரே சரக்கு இரண்டு தடவை வரவாகும். கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெர்ஷனில் சத்தமில்லாமல் சரிசெய்தார்கள். அதற்குள் வாடிக்கையாளர் இடத்தில் ஒரு ஸ்டோர் கீப்பருக்கு "சரக்கு குறைகிறது" என்று சம்பளத்தில் பிடித்தம் ஆகியிருந்தது. அவருக்குச் சொல்ல வேண்டாமா என்று மீட்டிங்கில் கேட்டேன். "அவங்களா கேட்டா பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். மறுபடி கேட்டேன். அப்புறம் என்னை வேறு புராஜெக்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த மனிதர் தன் கணக்கில் எங்கே சறுக்கியது என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய கணக்கு எங்கேயும் சறுக்கவில்லை.

அதனால்தான் "சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த சிஸ்டத்தை வாங்கியவர் ஏசி அறையில். செய்தவர் வேறு ஊரில். கோளாறைப் பார்த்தவன் வேறு புராஜெக்டில். பதில் சொல்ல வேண்டியது மட்டும் கடையில் நிற்கிற அக்கா.

ஆமாம், எனக்குக் கோபம்தான். "ஒரு ரேஷன் கடைக்கு இவ்வளவு நீளமாவா?" என்கிறவர்கள் கடந்து போகலாம். "ஆதாரம் இருக்கா" என்று கமென்டில் கேட்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அந்த மெஷினின் ஆறு மாதப் பதிவையும், அந்த மாதங்களில் குடோனில் மூட்டைகளை எடை போட்ட சீட்டையும் வாங்கி வாருங்கள். எடையே போடவில்லை என்று சொன்னால், அதை எழுத்தில் வாங்கி வாருங்கள். அதுவரைக்கும் அந்த அக்காவைத் திருடி என்று என் பக்கத்தில் எழுதுகிறவர்களை பிளாக் செய்வேன். உறவுக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.