ஜம்மு லித்தியம்: 59 லட்சம் டன் எதன் எடை?

‘ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் கிடைத்துவிட்டது, இனி இறக்குமதியே வேண்டாம்’ என்று பரவும் தகவல் தவறு. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீடாக 2023 பிப்ரவரியில் வெளியான அந்த எண், தாதின் எடை. உலோகத்தின் எடை அல்ல. உதாரணத்துக்கு, பத்து லட்சத்தில் 500 பங்கு லித்தியம் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் தாதில் அரைக் கிலோதான் தேறும்; மொத்தத்துக்கும் சுமார் 2,950 டன். அதுவும் முழுவதையும் பிரித்தெடுக்க முடிந்தால்!

தவிர, அந்த மதிப்பீடு கனிம ஆய்வில் ஜி3 நிலை, அதாவது முதற்கட்ட ஊகம். அடுத்த நிலைகளான ஜி2, ஜி1 ஆய்வுகளில் நெருக்கமாகத் துளையிட்ட பிறகே இருப்பு உறுதியாகும். இங்குள்ள களிமண் வகைத் தாதிலிருந்து லித்தியத்தைப் பிரிப்பதும் எளிதல்ல. இந்தத் தாதுப் பகுதிக்கான சுரங்க உரிம ஏலத்துக்குப் போதிய நிறுவனங்கள் முன்வராததால் 2024 மார்ச்சில் அந்த ஏலம் ரத்தானது.