சித்தப்பா தொட்டுப் பார்த்த நடுகல்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு எங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடமே கிளாக்கோமாவில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு அருங்காட்சியகம் பக்கமே அவர் போகவில்லை. "அங்க வந்து நான் என்னத்தப் பாக்கப் போறேன்" என்பார். சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், சக்கர நாற்காலி வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முழங்கால் வலியோடு இருக்கும் சித்திக்காகத்தான் கிளம்பினோம். சித்தப்பா துணைக்கு வந்தார், அவ்வளவுதான்.

சித்திக்கு அன்று குறையே இல்லை. சாய்தளம் நல்ல நீளம். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பதுதான் கணக்கு. இடமில்லை என்று நாலடியில் முடித்துவிட்ட சாய்தளங்களை எத்தனையோ கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். அதில் ஏற்றும்போது தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது உட்கார்ந்திருப்பவருக்கு உயிரே போகும். இங்கே அப்படியில்லை. இருபுறமும் கைப்பிடி, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப இடம். சித்தி செப்புத் திருமேனிகள் முன்னால் அரைமணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கட்டியவர்கள் மனசு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு நான் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். "விஷ்ணு, உலோகம், 12ஆம் நூற்றாண்டு." அவர் கேட்டார்: "சக்கரம் நேரா நிக்குதா, எறியப் போற மாதிரி பக்கவாட்டுல திரும்பியிருக்கா?" குனிந்து பார்த்துச் சொன்னேன். "இடுப்புத் துணி மடிப்பு எப்படி விழுது?" எனக்கு வார்த்தை வரவில்லை. கண் இருக்கிற நான் அந்த மடிப்பை அதுவரை பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. நாலைந்து சிலைக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பிரெயில் பலகைகள் இருந்தன. ஆனால் சித்தப்பாவுக்கு பிரெயில் தெரியாது. அறுபது வயதில் பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. க்யூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள், ஸ்கேன் செய்தால் விளக்கம் பேசும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தச் சின்னச் சதுரம் சுவரில் எங்கே இருக்கிறது என்று பார்வையற்றவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் முடியும். தரையிலோ கைப்பிடியிலோ ஒரு அடையாளம் வைத்திருந்தால் போதும். திட்டம் போடும்போது பார்வையற்ற ஒருவரிடமாவது கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்.

அப்புறம் முற்றத்துக்கு வந்தோம். வேப்பமரத்தடியில் பீடம் கட்டி வரிசையாக நடுகற்களை, சண்டையில் விழுந்த வீரர்களின் நினைவாக அந்தக் காலத்தில் நட்ட கற்களை, நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், "தொடலாமா?" அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "மழையிலயும் வெயில்லயும் கெடக்கற கல்லு சார், நல்லாத் தொடுங்க" என்றார்.

அடுத்த இருபது நிமிடம் நான் பேசவே இல்லை. அவர்தான் பேசினார். முதலில் கல்லின் விளிம்பைச் சுற்றிக் கை போனது, அளவெடுக்கிற மாதிரி. பிறகு தலை, கொண்டை. "இடது கையில வில்லு. வலது கையில குத்துவாள், சின்னதுதான்." முழங்காலை மடித்துப் பாய்கிற நிலை என்று தொடையைத் தடவிக் கண்டுபிடித்தார். மார்பில் விரல் நின்றது. "இங்க ஒண்ணு உள்ள போயிருக்கு பாரு. அம்பு." எனக்கு அங்கே அம்பே தெரியவில்லை. பாசி படிந்து தேய்ந்துபோன கல். வெயில் நேராக விழுந்ததால் நிழலே இல்லாமல் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது. அவர் என் விரலைப் பிடித்து அந்த மேட்டின் மேல் வைத்தார். இருந்தது. மேலே எழுத்து வரி. வட்டெழுத்து, அதாவது தமிழை அந்தக் காலத்தில் எழுதிய வளைவான எழுத்து, அவருக்குக் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு வளைவாக விரலை ஓட்டி இரண்டு எழுத்தை உறுதியாகச் சொன்னார், மூன்றாவது சந்தேகம் என்றார்.

உளியால் வெட்டிய எழுத்தை விரலாலும் படிக்கலாம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. சிலையும் அப்படித்தானே, அதைச் செய்தவர் கையால் தடவித் தடவித்தான் மெருகேற்றியிருப்பார். அதைக் கண்ணாடிக்குள் வைத்து, கண்ணால் மட்டும் பார் என்று சொல்கிறோம். என் வருத்தமெல்லாம் இதில்தான். சாய்தளம் கட்டடத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போன பிறகு பார்வையற்றவர் கையில் எதைக் கொடுக்கிறோம்?

தொடக் கூடாது என்ற விதி வீணானது என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் வியர்வையும் உப்பும் செப்பை அரிக்கும். கல்லும் தேயும், நம் கோயில்களில் எத்தனை தூண்களின் சிற்பங்கள் கை பட்டுப் பட்டு மழமழவென்று ஆகியிருக்கின்றன. ஆனால் அதே கோயில்களில்தான் யாளியின் வாய்க்குள் விரலை விட்டுக் கல் உருண்டையை உருட்டிப் பார்த்து நாம் வளர்ந்தோம். என்னைத் தூக்கிப் பிடித்து விரலை உள்ளே விடச் சொன்னதே சித்தப்பாதான். ஒரே கல்லில் எப்படி உள்ளே உருண்டை வந்தது என்று அன்று அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

மூலத்தைத் தொடக் கூடாது, சரி. பிரதி செய்து வையுங்கள். டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் 'அனுபவ்' என்ற பெயரில் தொட்டுணரும் கூடம் திறந்து, சிலைகளின் பிரதிகளை வைத்தார்கள். இத்தாலியின் அங்கோனா நகரில் ஓமெரோ என்று ஓர் அருங்காட்சியகமே 1993இல் தொடங்கியது. எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் தொடாதே என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பார்வையற்ற கணவன் மனைவி, அல்தோ கிராசினியும் தனியேலா பொத்தெகோனியும், முன்னின்று தொடங்கியது. 1999இல் அது அரசு அருங்காட்சியகமாகவே ஆனது. அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் தொடலாம்.

நமக்கு இது இன்னும் சுலபம். மாமல்லபுரத்தில் இன்றும் உளிச் சத்தம் கேட்கிறது. அங்கே 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகில் உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். மாவட்டத்துக்குப் பத்துப் பிரதி கேட்டால் அவர்களுக்கும் வேலை. என் ஆசை இன்னும் கொஞ்சம் பெரியது: ஒரே சிலையின் மெழுகு உருவம், மண் அச்சு, சீர்செய்யாத வார்ப்பு, முடித்த சிலை, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வையுங்கள். விரல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது அந்தத் தொழிலே புரிந்துவிடும். சிலை எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் நாம் இதுவரை காட்டியதில்லையே. மேசை உயரம் மட்டும் சக்கர நாற்காலி உள்ளே நுழைகிற மாதிரி இருக்கட்டும்.

சலுகையாக இதைக் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்வதை அரசின் கடமையாகவே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென்று தனி அருங்காட்சியகம் வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

காப்பாட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் கோரிக்கை செலவே இல்லாதது: முற்றத்து நடுகற்களைப் பார்வையற்றவர்கள் தொடலாம் என்று வாசலிலேயே சொல்ல ஓர் ஆளுக்கு உத்தரவு. இரண்டாவது பிரதிகள். மூன்றாவது அந்த க்யூஆர் கோட்டுக்குக் கைப்பிடியில் ஓர் அடையாளம்.

நேற்று சித்தப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, பிரதி என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. விழுந்த வீரனோடு, கோவிவன் என்ற அவன் நாயையும் செதுக்கி, இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்த கல். வருடா வருடம் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்வார். நேரில் போய்ப் பார்க்க மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

"அந்தக் கல்லோட பிரதி முதல்ல வரணும்னு எழுதுப்பா," என்றார். "நாயோட வால் எப்படி இருக்குன்னு பாக்கணும்."