நிவாரண வண்டிகள் திரும்பிப் போன பிறகு

தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள், பாதி அவர்களுடைய சம்பளத்துக்கே போய்விடும், நேரில் போய்க் கையில் கொடுங்கள் என்று ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு பேச்சு கிளம்புகிறது. பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். வாங்கும் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. உதவியே வரவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன். எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்தன. ஆனால் வந்ததெல்லாம் பெரிய சாலையிலேயே காலியானது. மரம் விழுந்து பாதை அடைபட்ட உள்ளூர்க் குடியிருப்புகள் காத்துக்கிடந்தன. கூரை பறந்துபோன பக்கத்து வீட்டு அத்தையின் கையில் ஒருவர் பழைய சேலைப் பொட்டலத்தை வைத்தார். அத்தை அதைப் பிரிக்கவே இல்லை. "தம்பி, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, தார்ப்பாய் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார். வண்டியில் ரொட்டியும் துணியும்தான் இருந்தன.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தன் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர். ஊரை அறியாத ஒருவரால் அவ்வளவுதான் முடியும். யார் வீட்டுக்குத் தார்ப்பாய், யார் தோப்புக்கு மரம் அறுக்கும் இயந்திரம் என்று வீடு வீடாகக் குறித்துக்கொண்டு போனவர்கள், சுனாமிக் காலத்திலிருந்தே கடலோரத்தில் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். வாங்கினால் என்ன? அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. தென்னங்கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வண்டிகள் சில வாரங்களில் நின்றுபோயின. அடுத்த ஆண்டும் வந்து, ஊடுபயிருக்கு வழி என்ன என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

முகம் தெரிந்தவருக்கு என்றால் தயங்காமல் நேரிலேயே கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட இடையில் யாரும் தேவையில்லை. பணமாகக் கொடுங்கள், படம் எடுக்காதீர்கள். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பது அவருக்குத் தெரியும்.

சில காரியங்களுக்குத் தனி மனிதரின் கை எட்டாது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கினார். பலரும் கொடுத்த பணம் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் அது வளர்ந்தது. ஏழை நோயாளிகளின் கையில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தால் அங்கே ஒரு கதிர்வீச்சு இயந்திரம்கூட வந்திருக்காது.

ஏமாற்று அறக்கட்டளைகளும் இருக்கின்றன. ரசீது கேளுங்கள், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள், அந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இதையெல்லாம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே செய்துவிட்டு, முடிந்த தொகையை மாதாமாதம் அனுப்புங்கள். புயல் வந்த பிறகு தார்ப்பாய் தேடி அலைய அவர்களுக்கு நேரம் இருக்காது.